கசிந்த கல்

“ஏனுங்க அம்மிணி, கல்லு பரிசோதனை பண்ற எடம் இதுதானுங்களா?”

“ஆமாங்க. நீங்க எங்கிருந்து வாரீங்க?”

“சேந்தமங்கலத்துக்கு அந்தாண்டைங்க. இந்தாங்க, எங்க கெணத்துக் கல்லு.” தோளில் இருந்த துண்டு மூட்டையை இறக்கி மேசைமேல் வைத்தார். “தண்ணி வருமா வராதான்னு பாத்துச் சொல்லோணும்.”

“இங்க அதெல்லாம் பாக்கறதில்லீங்க. கல்லை அறுத்துத்தான் பாப்போம்.”

“அறுத்தா உள்ள இருக்கறது தெரிஞ்சுருமில்லீங்க?”

“எவ்வளவு கெட்டின்னு தெரியுமுங்க. அவ்வளவுதான்.”

“அது எனக்கே தெரியுமுங்களே. மத்ததச் சொல்லுங்க.”

1983 கோடையில் வெள்ளியங்கிரி எங்கள் சோதனைக் கூடத்துக்கு வந்த முதல் நாள் நடந்த பேச்சு இது. சுரங்கங்களுக்குக் கல் வெட்டும் எந்திரம் செய்ய முயன்றுகொண்டிருந்த ஒரு சிறிய கம்பெனி, சேலத்தை அடுத்த கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு அருகில் அந்தக் கூடத்தை வைத்திருந்தது. நான் அங்கே அறிக்கைகளை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தேன். கேட்பவர்களுக்குத் தமிழில் விளக்கினேன்.

வெள்ளியங்கிரிக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். இளமையில் லாரி கிளீனராக நாக்பூர் வரை போய்வந்தவர். அப்பா இறந்ததும் ஊர் திரும்பி, தம்பி செங்கோட்டையனோடு சேர்ந்து நிலத்தையும் இருவருக்கும் பொதுவான கிணற்றையும் பார்த்துக்கொண்டார். கிணறு பாறைக்குள் இறங்கியிருந்தது. கோடைதோறும் வெடி வைத்து ஆழப்படுத்தினார்கள். தண்ணீரோ முழங்காலைத் தாண்டவில்லை. போதும், ரிக் வண்டியைக் கூப்பிட்டு போர் போட்டுக்கொள்ளலாம் என்றார் தம்பி. அடியில் ஊற்று இருக்கிறது என்றார் அண்ணன். முன்பு மண் பரிசோதனைக்கு மண் கொடுத்தபோது, என்ன உரம் போடுவது என்று விவசாய ஆபீசர்கள் சரியாகச் சொல்லியிருந்தார்கள். கல்லுக்கும் அப்படி ஓர் இடம் இருக்கும் என்று விசாரித்து வந்திருக்கிறார்.

பொறியாளர் குழந்தைவேல் கல்லைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் பெரியதாகக் கொண்டுவரச் சொன்னார். அவருக்கு வேண்டியது கெட்டியான கல். அடுத்த வாரமே டிராக்டரில் ஒரு பாறைத் துண்டு வந்து இறங்கியது. அதை இரும்புப் பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் சிமென்ட் கலவை ஊற்றி இறுகவிட்டு, எந்திரத்தின் மேடையில் ஏற்றினார்கள். முதலில் வெறும் உளி. மேடை நகர நகர, உளி கல்லைக் கீறியது. அதற்கு எவ்வளவு விசை பிடிக்கிறது என்று ஒரு பேனா காகிதச் சுருளில் கோடு போட்டது. கோடு மேலே துள்ளியது. உளியின் முனை உடைந்தது. இரண்டாம் முறை, புது உளிக்கு முன்னால் ஊசித்துளை வழியாகப் பெரிய பம்பால் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். அந்த அழுத்தத்தில் தண்ணீர் கம்பி மாதிரி விறைத்து நின்றது. கல்லில் பள்ளம் விழுந்தது. கோடு தாழ்ந்தது.

“தண்ணிக்கு இத்தன கோவமா?” என்றார் வெள்ளியங்கிரி.

அன்று சேலத்தில் உறவினர் வீட்டில் தங்கிவிட்டு, காலையில் மறுபடி வந்தார். கல்லின் மேல் ஒரு மெல்லிய விரிசலில் ஈரம் தெரிந்தது. துண்டால் துடைத்தார். சற்று நேரத்தில் மறுபடி ஈரம்.

“அம்மிணி, கல்லு கசியுதுங்க!”

“அது நேத்து அடிச்ச பம்புத் தண்ணிங்க.”

“எவன் ஊட்டுத் தண்ணியா இருந்தா என்னங்க? உள்ள போக வழி இருக்குதில்ல? போக வழி இருந்தா வரவும் வழி இருக்குமில்ல?”

குழந்தைவேலிடம் கேட்டேன். வெடி வைத்ததில் விழுந்த விரிசலாக இருக்கலாம் என்றார். பாறையில் முன்பே இருந்ததாகவும் இருக்கலாம் என்றார்.

“ரெண்டுல எதுங்க?” என்றார் வெள்ளியங்கிரி.

“இந்த மிசின்ல அது தெரியாதுங்க.”

இதில் அவர் எவ்வளவு காதில் வாங்கினார் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. ஊருக்குப் போய், லேபில் கல் கசிந்தது என்று தம்பியிடம் சொல்லிவிட்டார். கிணற்றில் மறுபடி வெடி வைத்தார்கள்.

அதன் பிறகு, புது ஆழத்துக்குப் போகும்போதெல்லாம் ஒரு கல்லோடு வந்தார்.

“வாங்க வாங்க, கல்லு குடுத்த மாமனாரு வந்துட்டாரு,” என்பார் குழந்தைவேல்.

“மாமனாருக்கு ஒரு டீ கூடக் கெடையாதுங்களா மாப்பள?”

ஒருமுறை, அந்தப் பம்பையே கிணற்றுக்குள் இறக்கினால் என்ன என்று குழந்தைவேலிடம் கேட்டார் வெள்ளியங்கிரி.

“எறக்கலாமுங்க. ஆனா அதுக்குத் தண்ணி நெறைய வேணும். வடிகட்டுன நல்ல தண்ணியா வேணும்.”

“அடேயப்பா! தண்ணி இருந்தா நான் ஏனுங்க இங்க வாரேன்?”

மூவரும் சிரித்தோம். அவர்தான் முதலில் நிறுத்தினார்.

சில கற்கள் கசிந்தன, சில கசியவில்லை. ஆழத்துக்கும் கசிவுக்கும் என்ன தொடர்பு என்று எங்களில் யாருக்கும் பிடிபடவில்லை.

1985இல் கடைசியாக வந்தபோது அவர் கையில் கல் இல்லை. இன்னொரு வெடி வைத்தால் பாகம் பிரித்துக்கொண்டு போய்விடுவேன், அப்புறம் உன் வாசலை மிதிக்கமாட்டேன் என்று தம்பி சொல்லிவிட்டாராம்.

“அப்ப நிறுத்தீருங்களேன்,” என்றேன்.

“நிறுத்தோணும்னுதாங்க எனக்கும் இருக்குது. ஆனா, லேப்புல கல்லு கசிஞ்சுதுன்னு ரெண்டு வருசமாச் சொன்ன வாயிங்க இது. நானா நிறுத்துனா, அத்தனையும் பொய்யின்னு ஆயிரும். கசிஞ்சுதுதானுங்க அம்மிணி?”

“கசிஞ்சுதுங்க.”

“அப்ப நீங்க ஒருக்கா எங்க ஊட்டுக்கு வாங்க சாமி. எந்தம்பி முன்னால நின்னு, மிசின்ல வெச்சுப் பாத்தாச்சு, கீழ தண்ணி இல்லைன்னு சொல்லீருங்க.”

“அது எங்களுக்குத் தெரியாதுங்களே.”

“எனக்குந்தான் தெரியாதுங்க. அதுனாலதான் உங்களச் சொல்லச் சொல்றேன்.”