லாம் முதலாளியின் குட்டை மட்டைகள்

கோல்ஃப் மட்டை பழுது பார்ப்பவனுக்கு ஒரு பாக்கியம் உண்டு: பந்து நேரே போனால் ஆடியவர் கெட்டிக்காரர், குளத்தில் விழுந்தால் நான் முட்டாள். அடுத்தவர் தப்புக்குத் திட்டு வாங்கிப் பழகிய தையல்காரர்களே, ரேடியோ ரிப்பேர்காரர்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும். சைகோனில், யுத்தம் நடந்துகொண்டிருந்த நாளில், கோ வாப் மைதானத்து வேலியோரம் எனக்குப் பட்டறை.

குனியாத முதுகு

சோலோன் அரிசி ஆலைக்காரர் லாம், இளவயதில் மூட்டை தூக்கி முதுகைக் கெடுத்துக்கொண்டவர். இரும்பு மட்டைகள் ஒவ்வொன்றும் ஒரு நீளம். ஒவ்வொன்றுக்கும் ஒரு குனிவு. இவரோ வெளிநாட்டில் சொல்லி, எல்லாவற்றையும் ஒரே நீளத்தில் செய்து வாங்கியிருந்தார். மணலிலிருந்து பந்தைத் தூக்கும் வெட்ஜ் மட்டைகள் இரண்டு மட்டும் பழைய குட்டையாகவே நின்றுவிட்டன. அவற்றுக்காகக் குனிந்தால், நிமிர்த்த ஆள் கூப்பிட வேண்டும்.

லெப்டினன்டாக இருந்த அவர் மகன் ஞாயிற்றுக்கிழமை விடுப்பில் வருகிறான். மறுநாள் போர்முனைக்குத் திரும்புகிறான். அப்பாவோடு ஒரு முழு ஆட்டம் ஆட வேண்டுமாம். முதலாளி அந்த இரண்டு குட்டை மட்டைகளையும் என் மேஜைமேல் வைத்தார். ‘ஏழாம் அண்ணா’ என்று கூப்பிட்டார். (அந்த ஊர்க்காரர்கள் நம் இந்தியர் எல்லாருக்கும் வைத்த ஒரே பெயர் அதுதான், என் அப்பாவுக்கு நான் தலைச்சன்.)

“ஏழாம் அண்ணா, என் முதுகுக்கு ஒரு குனிவுதான் தெரியும். இந்த வயசில் இன்னொன்று கற்றுக்கொடுக்க முடியாது.”

நீட்டினேன், சுற்றினார்

இதென்ன பிரமாதம் என்று, தண்டுகளுக்குள் கட்டை செருகி நீட்டிவிட்டேன். வெட்ஜுக்குத் தலைக்கனம் அதிகம். தண்டு குட்டையாக இருப்பதால்தான் அது அடங்கிக் கிடக்கிறது. தண்டை நீட்டிவிட்டால் அது கடப்பாரை.

முதலாளி பட்டறை வாசலில் ஒரு வீச்சு வீசினார். மட்டை அவரை இழுத்துக்கொண்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது. நின்றபோது மைதானத்துக்கு முதுகைக் காட்டி, என் தண்ணீர்த் தொட்டிக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். புதுச்சேரியிலிருந்து வந்து அங்கே பாரில் வேலை பார்த்த என் மச்சினன் அந்துவான், அவரைத் தாங்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தான்.

“அத்தான், மட்டையை நீட்டச் சொன்னா, மனுஷனைப் பம்பரமா விடுறீங்களே!”

சூப்புக்குள் பந்து

அப்புறம் தலையை இளைக்க வைத்தேன். அவருடைய நல்ல மட்டை ஒன்றைக் கத்தி முதுகில் சமமாக நிற்க வைத்து, அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, வெட்ஜும் அதே இடத்தில் நிற்கும்வரை ராவினேன். பட்டறையில் விழுந்த இரும்புத் தூளில் இன்னொரு மட்டை வார்த்திருக்கலாம், நம்பினால் நம்புங்கள்.

இந்த முறை முதலாளி சுற்றவில்லை. பந்துதான் இடப்பக்கம் ஓடி, வேலி தாண்டி, ஃபோ வண்டிக்காரியின் சூப்புக் கொப்பரைக்குள் குதித்தது. நீட்டிய மட்டை தன் தலையின் நுனியைத் தூக்கிக்கொள்ளும், பந்து இடப்பக்கம் ஓடும். தலையும் தண்டும் சேரும் கழுத்தைக் கொஞ்சம் வளைத்துத் தாழ்த்த வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. வண்டிக்காரி கரண்டியில் பந்தோடு என் முன்னால் வந்து நின்றாள்.

“இறைச்சி உருண்டை வேணும்னா வாயைத் திறந்து கேட்கக் கூடாதா? நீயே உள்ளே எறியணுமா?”

ஞாயிற்றுக்கிழமை

நான் வளைத்துக் கொடுத்த மட்டை கழுத்தோடு முறிந்தால் ஓடுவதற்கு வசதியாக, அவர்கள் பின்னாலேயே போனேன். மகன் இன்னும் சின்னப் பையன் மாதிரிதான் இருந்தான். அப்பாவின் பந்து மணலில் விழுந்தபோதெல்லாம் அவன் முகம் வெளுத்தது. அவரோ எல்லா மட்டைக்கும் குனியும் அதே குனிவில் நின்று, பந்தைப் புல்மேல் கொண்டுவந்து போட்டார். கொடியருகே என்று பொய் சொல்ல ஆசைதான், புல்மேல், அவ்வளவுதான்.

கடைசிக் குழி முடிந்ததும் முதலாளி யார் கையையும் பிடிக்காமல் நிமிர்ந்தார். மகன் தலையைத் திருப்பிக்கொண்டு சற்று நேரம் விமான நிலையப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தன் மட்டைப் பையை என் தோளில் மாட்டினான்.

“என் வெட்ஜையும் அப்பாவுடையது மாதிரி செய்து வையுங்கள், ஏழாம் அண்ணா. வந்து வாங்கிக்கொள்கிறேன்.”

அடுத்த மழைக்காலத்தில் அவன் ஒரு காலை இழுத்தபடி உயிரோடு வந்து, மட்டையை வீசிப் பார்த்து, ‘ஒரு நூல் நீளம் கூடிப்போச்சே, கண் தெரியாதா உங்களுக்கு?’ என்று திட்டினான் பாருங்கள், இந்தத் தொழிலில் நான் வாங்கிய திட்டுகளிலேயே இன்னொரு முறை திட்ட மாட்டானா என்று ஏங்க வைத்த திட்டு அது ஒன்றுதான்.