அத்தான் பிரேக் மாற்றிய கதை

என் அக்கா வீட்டுக்காரருக்குத் தண்ணீர் பம்பு செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதகர் வேலை. மற்றவர்கள் செய்ததைக் கையில் எடுத்துப் பார்த்து, முகத்தைச் சுளித்து, திருப்பி அனுப்புவதற்குச் சம்பளம் வாங்குகிறவர். செய்து செய்து அந்தச் சுளிப்பு முகத்திலேயே தங்கிவிட்டது. வீட்டில் காபி தம்ளரைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். எதையாவது அவர் “பரவாயில்ல” என்று சொல்லிவிட்டால், அக்கா அதற்காகவே மாடியேறி வந்து என்னிடம் சொல்வாள்.

அவரிடம் ஒரு பழைய கார் உண்டு. அதன் பிரேக் நன்றாகத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் அத்தானைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார். மகள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த பிறகுதான் அவருக்குச் சந்தேகம் பிறந்தது. மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, பிரசவ சமயத்தில் நடுக்கடலில் இருப்பார். ஆஸ்பத்திரியோ மேட்டில் இருக்கிறது. வீடு திரும்பும் வழி முழுக்க இறக்கம். பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு இந்த பிரேக்கை நம்பி எப்படி இறங்குவது? பெரிய கார் ஒன்றின் பிரேக்கை வாங்கி இதில் மாட்டிவிடுவது என்று முடிவு செய்தார். மெக்கானிக்கிடம் விடலாமே என்றேன்.

“அவன் செஞ்சத யார் செக் பண்றது?” என்று கேட்டார்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அத்தான் எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் பழைய துணியை விரித்து, ஜாக்கி வைத்து, முன்சக்கரங்களைக் கழற்றினார். சக்கரத் தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர்கள் இரண்டையும் எடுத்துவிட்டுப் புதியவற்றை மாட்டினார். ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். எங்கள் சித்தப்பாக்களும் அத்தைகளும் அது என்னவென்றே தெரியாமல் கைகூப்பினார்கள். எல்லாம் முடிந்து காரில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தால், பெடல் பஞ்சுத் தலையணை மாதிரி அமுங்கித் தரைவரை போனது.

பிரேக் ஆயிலுக்குள் காற்று புகுந்துவிட்டால் இப்படித்தான் ஆகும். ஏர் எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்தடியில் படுத்து, காலிப்பரில் இருக்கும் சின்ன நிப்பிளைத் திறந்து காற்றை வெளியே விட்டு மூட வேண்டும். மிதிக்கிற வேலை அக்காவுக்கு வந்தது. அவள் வேலைக்குப் போய்விட்டு வந்து, கைப்பையைப் பின்சீட்டில் போட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி உட்காருவாள். அடியிலிருந்து “மிதி”, “பிடி”, “விடு” என்று குரல் வரும். எத்தனை ஆயில் போனாலும் பெடல் மட்டும் கெட்டியாகவில்லை.

குற்றம் யாருடையது என்று கண்டுபிடிப்பது அத்தானின் தொழில். முதலில் ஆயில் மட்டமான சரக்கு என்றார், வேறு ஆயில் வந்தது. பிறகு ரப்பர் குழாய் மட்டம் என்றார், இரும்பு வலை போட்ட குழாய் வந்தது. பிறகு அக்காவின் கால். நிப்பிளை மூடுவதற்கு முன்பே காலை எடுத்துவிடுகிறாளாம், அதில் காற்று திரும்ப உள்ளே போய்விடுகிறதாம். அக்கா மறுநாள் வலது முழங்காலில் தைலம் தடவிக்கொண்டு அலுவலகம் போனாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஜாக்கியை உருவிவிட்டிருப்பேன். அவர் அடியில் படுத்திருந்தார், அதனால் விட்டேன்.

இதற்கிடையில் மகளுக்கு வலி கண்டது. காருக்கு முன்சக்கரங்கள் இல்லை. அவளும் அக்காவும் டாக்ஸியில் ஏறிப் போனார்கள். அத்தான் ஆயில் கையோடு வாசலில் நின்று, அந்த டாக்ஸியின் டயர் வழவழவென்று தேய்ந்திருக்கிறது என்று என்னிடம் சொன்னார். டாக்ஸி திரும்பி மறையும்வரை உள்ளே போகவில்லை. அறுவை சிகிச்சை செய்து பெண் குழந்தை பிறந்தது. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புவார்கள் என்றார்கள். அதற்கும் டாக்ஸி என்றால் அந்த மனுஷர் இடிந்துபோய்விடுவார் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த பிரேக்கை நம்பித் தையலோடு இருக்கிற பெண்ணை ஏற்ற முடியாது என்றும் தெரியும்.

புதன்கிழமை அத்தான், “வேலை முடியும் தறுவாயில்” என்று எழுதிப் புதிய காலிப்பரின் படத்தை இன்னொரு முறை குழுவில் போட்டார். கைகூப்புகள் வந்தன. ஆஸ்பத்திரிக் கட்டிலில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு, ஒரு கையால் போனைத் தள்ளிக்கொண்டிருந்த மகள் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள்.

“அப்பா, கழட்டுறதுக்கு முன்னாடி அந்தச் சின்ன மூக்கு மேல இருக்கு. இப்போ கீழ இருக்கே. அப்படித்தான் இருக்கணுமா?” என்று கேட்டிருந்தாள்.

இடது பக்கத்துக் காலிப்பரை வலது பக்கத்திலும், வலதை இடது பக்கத்திலும் மாட்டியிருந்தார் அத்தான். அதனால் இரண்டு நிப்பிளும் அடிப்பக்கம் போய்விட்டன. காற்று மேலேதான் போய்த் தங்கும். இவர் வாரக்கணக்காக அதைக் கீழே திறந்து, வா வா என்று கூப்பிட்டிருக்கிறார். பம்பில் காற்று அடைத்தால் எங்கே திறக்க வேண்டும் என்று தெரியாத கம்பெனிப் பையன்களை வாய்க்கு வந்தபடி திட்டுகிற மனுஷர். ஊருக்குத்தான் உபதேசம்.

நான் கீழே இறங்கிப் போனபோது இரண்டையும் கழற்றி மாற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “ஒரு சின்ன அட்ஜஸ்ட்மென்ட்” என்றார். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை. அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து உட்கார்ந்தாள். சில தடவை மிதித்ததும் பெடல் கெட்டியாகிவிட்டது. அவர் எழுந்து வந்து கதவோரம் நின்றார். “எப்படி இருக்கு?” என்று அவளைக் கேட்டார். அவர் யாரிடமும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

அக்கா இன்னொரு முறை மிதித்துப் பார்த்தாள். “பரவாயில்ல,” என்றாள்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் மகள் குழந்தையோடு நின்று காரைப் பார்த்தாள். அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. “அம்மா, ஏறலாமா?” என்றாள். அக்கா தலையாட்டியதும் ஏறினாள். அத்தான் காதில் விழாத மாதிரி கண்ணாடியைச் சரிசெய்தார்.

நான் பைகளை மடியில் வைத்துக்கொண்டு மகளுக்குப் பக்கத்தில் இருந்தேன். இறக்கம் முழுவதும் அத்தான் முதல் கியரிலேயே இறங்கினார். சைக்கிள்காரர் ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார். பின்னால் வண்டிகள் வரிசைகட்டி ஹாரன் அடித்தன. அந்தப் புதிய பிரேக்குக்கு வேலையே வரவில்லை.

“இவ்வளவு மெதுவா போறதுக்குப் பழைய பிரேக்கே போதுமேப்பா,” என்றாள் மகள்.

அத்தான் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “போதும்தான்மா. எனக்குத்தான் பயமா இருந்துச்சு. என்ன பண்றதுன்னு தெரியல,” என்றார்.

எனக்கு ஒரு கிண்டல் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டு, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, பின்னால் வந்தவனைச் சுற்றிக்கொண்டு போகச் சொன்னேன்.