போய்கோ அடிக்காத கோல்

ஓரெஸ்ட் போய்கோ இறந்துபோன செய்தி காலை பத்து மணிக்கு எங்கள் ஊர் கார்வனுக்கு வந்து சேர்ந்தது. பதினோரு மணிக்குள் என் முடிவெட்டும் கடையில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் மூன்று பேருக்கு வெட்டுவதற்கு முடியே கிடையாது. எங்கே போய் உட்காருவதென்று தெரியாமல் வந்துவிட்டார்கள், பாவம். நானும் போங்கள் என்று சொல்லவில்லை.

அப்புறம் ஒருவன் அந்தப் பேருந்துக் கதையை எடுத்தான், அவ்வளவுதான், கடை கலகலத்துவிட்டது. போய்கோ எங்கள் ஊர் பனிவண்டி ஓட்டி. விடிவதற்குள் தெருத் தெருவாகப் பனியைத் தள்ளிவிட்டு, சாயங்காலம் அதே வண்டியில் பனித்தளத்துக்கு வந்து எங்களுக்காக ஹாக்கி ஆடுவான். ஒரு தடவை எதிரணியின் பேருந்து ஊருக்கு வெளியே பள்ளத்தில் இறங்கிவிட்டது. இவன் போய்ப் பனிவண்டியால் இழுத்து மேலே ஏற்றி, முன்னால் வழிவிட்டுக் கூட்டிக்கொண்டு வந்தான். வந்தவர்கள் எங்களை ஆறுக்கு ஒன்று என்று அடித்துப் போட்டார்கள். ஊரே அவனைத் திட்டியது. வந்தார்களே, வராவிட்டால் யாரோடு ஆடுவது என்று கேட்டான். அந்த ஒரு கோலையும் அவன்தான் அடித்திருந்தான், அதனால் யாராலும் ரொம்ப நேரம் திட்ட முடியவில்லை.

பெரிய நகரத்துக் குழு ஒன்று அவனைத் தேர்வுக்குக் கூப்பிட்டதும் உண்டு. நான்காம் நாளே திரும்பிவிட்டான். புயல் வருகிறது, இங்கே பனி தள்ள ஆள் வேண்டாமா என்று பெருமையாகச் சொல்லிப் பார்த்தான். ஒரு வாரம் கழித்து, அதெல்லாம் இல்லை, எனக்குப் பின்பக்கமாகச் சறுக்க வராது, துரத்திவிட்டார்கள் என்று அவனே சிரித்தான். சிரித்தால் முன்பல் நான்கு இருக்காது. எங்களுக்கு அந்த ஓட்டைவாய்தான் பிடித்திருந்தது. இருபத்துமூன்று வருஷம் பதினான்காம் எண் சட்டை போட்டு எங்களுக்காக மட்டும் ஆடினான். எழுபத்தொரு வயதில், மே மாதத்தில், தோட்டத்தில் உருளைக்கிழங்கு நட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். பனிக்காலம் முடியும்வரை காத்திருந்து போயிருக்கிறான் பாருங்கள் என்று ஒருவர் சொன்னார். அப்போதுதான் எல்லோருக்கும் கண் கலங்கியது.

இதுவரைக்கும் எனக்கு ஒன்றுமில்லை. சாயங்காலம் பெர்னிஸ் வந்தாள். பனித்தளத்து உணவுக்கடையை நடத்துகிறவள் அவள்தான். ஊரில் கல்யாணமோ சாவோ, அவள் வைத்ததுதான் சட்டம். ஜூன் இரண்டாம் சனிக்கிழமை பனித்தளத்தில் நினைவுக் கூட்டம் என்றாள். பதினான்காம் எண் சட்டையைக் கூரையில் தொங்கவிடப் போகிறார்களாம். பரணில் கிடக்கும் பழைய சிவப்பு விளக்கைத் துடைத்து மாட்டப் போகிறார்களாம். எழுபத்தொன்பதில் அவன் அடித்த அந்தக் கோலுக்காக நான் மறுபடியும் விளக்கைப் போட வேண்டுமாம். அதை மட்டும் வேறு யாரையாவது செய்யச் சொல் என்றேன், அவள் கேட்கவில்லை.

ஏனென்றால் அது கோலே இல்லை.

அந்தக் காலத்தில் வலைக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கும். அதற்குள் ஒருவன் உட்கார்ந்திருப்பான். பனி ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக அடிக்கிற ரப்பர் வட்டு சிவப்புக் கோட்டைத் தாண்டி வலைக்குள் போனால் பொத்தானை அழுத்த வேண்டும், தலைக்கு மேல் விளக்கு எரியும். இவ்வளவுதான் வேலை. இருபத்துநான்கு வயதில் இந்த ஊருக்கு வந்து கடை போட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது எனக்கு. வில்மர் டெயிட் என்று முழுப்பெயர் சொன்னாலும் யாரென்று கேட்பார்கள். அந்த நிலையில் கூண்டு வேலையைக் கொடுத்தார்கள். நான் தலைகால் தெரியாமல் ஆடினேன்.

இறுதி ஆட்டம் பக்கத்து ஊர் பிரெண்ட்வெல்லோடு. மூன்றுக்கு மூன்று, கூடுதல் நேரம். அடுத்த கோல் போடுகிறவனுக்குக் கோப்பை. போய்கோ பக்கவாட்டிலிருந்து பாய்ந்து வந்து அடித்தான். வலை பொம்மென்று உப்பியது. என் கட்டைவிரல் என்னைக் கேட்காமல் அழுத்திவிட்டது. நடுவர் அந்த நேரம் பார்த்துக் கால் வழுக்கி விழுந்து எழுந்துகொண்டிருந்தார். என் விளக்கைப் பார்த்தார், கையை நீட்டினார், ஆட்டம் முடிந்தது. அப்புறம் நான் கீழே பார்த்தால் வட்டு என் கூண்டுக் காலடியில் கிடக்கிறது. வலையின் வெளிப்பக்கத்தில் பட்டு, சுற்றிக்கொண்டு பின்னால் வந்திருக்கிறது.

போய்கோ குப்புற விழுந்து கிடந்தான், அவன் மேல் பதினைந்து பேர் குவிந்து கிடந்தார்கள். அவன் பார்த்திருக்க வழியில்லை என்று நினைத்தேன். பார்த்தவன் ஒருவன்தான், பிரெண்ட்வெல் கோல்காவலன் காஸ்டன் லாவலே. அவன் வந்து மட்டையால் என் கண்ணாடியில் அடித்துச் சொன்ன வார்த்தைகளை எழுத முடியாது. மறுநாள் காய்ச்சல் என்று சொல்லிக் கடையைச் சாத்திவிட்டுப் படுத்தேன். மூன்றாம் நாள் போய்ச் சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். தெருவில் பனிவண்டி மேலிருந்து போய்கோ ஓட்டைவாயைக் காட்டிச் சிரித்துக் கையாட்டினான். இந்தச் சிரிப்பை எப்படிப் பிடுங்குவது? பேசாமல் திரும்பிவிட்டேன். பேசாமல் நாற்பது வருஷம் போய்விட்டது.

என் மேல் எனக்கே கோபம் வருகிறது, ஏனென்றால் கண்ணுக்கு முன்னால் எவ்வளவோ அடையாளம் இருந்தது. என் நாற்காலியில் உட்காருகிறவன் பெண்டாட்டி சண்டையிலிருந்து மூலவியாதிவரை எல்லாம் சொல்வான். அந்தக் கோலைப் பற்றி மட்டும் ஒருவனும் வாயைத் திறந்ததில்லை. போய்கோவிடம் நானே எடுத்தாலும், காது ஓரத்தில் இன்னும் கொஞ்சம் வெட்டு என்பான். என்ன அடக்கம் என்று நான் மெச்சிக்கொள்வேன். அப்புறம் அந்தக் கோப்பை. அந்தத் தொடர் அடுத்த வருஷமே மூடப்பட்டதால் கோப்பை எங்கள் ஊரிலேயே தங்கிவிட்டது. ஆனால் வருஷா வருஷம் மே மாதம் கண்ணாடி அலமாரி காலியாகிவிடும். கேட்டால் பாலிஷுக்குப் போயிருக்கிறது என்பார்கள். அக்டோபரில் திரும்பி வரும், அதே அழுக்கோடு. ஆறு மாதம் தேய்த்தும் போகாத அழுக்கா, அந்தக் கடைக்காரனை நான் பார்க்க வேண்டும் என்று எத்தனை தடவை கத்தியிருக்கிறேன். எல்லோருக்கும் அந்த நேரம் பார்த்து இருமல் வரும்.

கூட்டத்துக்கு முந்தின நாள் போய்கோவின் மனைவி டாரியாவிடம் சொல்லிவிடலாமென்று போனேன். சமையலறை முழுக்கப் பெண்கள், மேசை முழுக்க உருளைக்கிழங்கு வைத்து மடித்த பெரோகி. டாரியா என் கையிலும் மாவைக் கொடுத்து மடிக்கச் சொன்னாள். செத்துப்போனவனின் ஒரே கோப்பையை அவன் மனைவியிடமிருந்து எப்படிப் பறிப்பது? இரண்டு மணி நேரம் பெரோகி மடித்துவிட்டு வந்தேன். சொல்லாமல் விளக்கைப் போட்டால் அவன் சாவிலும் பொய் சொன்னவனாவேன், சொன்னால் அவனுடைய பெயரைக் கெடுத்தவனாவேன். இரண்டில் ஒன்றைச் செய்துதான் ஆகவேண்டும்.

சனிக்கிழமை மதியம் ஊர் மொத்தமும் வந்திருந்தது. பனி உருகி வெறும் சிமெண்டுத் தரை. ஒரு கோடியில் பழைய வலையை வைத்து, முன்னால் சிவப்பு நாடா ஒட்டியிருந்தார்கள். போய்கோவின் மட்டை வலையில் சாய்ந்திருந்தது. ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அவன் அடித்த வட்டு தன் மூக்கில் பட்டு அதோடு அவன் மேல் காதலே வந்துவிட்டது என்று ஒரு கிழவி சொல்ல, அவள் புருஷனே முதலில் கைதட்டினான். அந்த நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு காஸ்டன் லாவலே வந்தான். நாற்பது வருஷமாகத் தெருவில் அவனைக் கண்டால் எதிர்ப்பக்கம் போகிறவன் நான். அவன் கக்கத்தில் எங்கள் கோப்பை இருந்தது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பாலிஷ்காரன் இவனா?

அதற்குள் பெர்னிஸ் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டாள். ஒலிபெருக்கிக்கு முன்னால் போய் நின்றேன். இனிமேல் யோசித்தால் ஓடிவிடுவேன் என்று தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்.

"அது கோல் இல்லீங்க. வலைக்கு வெளியதான் பட்டுச்சு. நாந்தான் தப்பா விளக்கப் போட்டுட்டேன். போய்கோவுக்குத் தெரியாது. அவன் மேல எந்தத் தப்பும் இல்ல."

கண்ணைத் திறந்தேன். பெர்னிஸ் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"தெரியும்ப்பா," என்றாள்.

"என்ன தெரியும்?"

"எல்லாருக்குந்தான் தெரியும். நாங்க என்ன கண்ண மூடிக்கிட்டா பாத்தோம்?"

அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் சிரித்துவிட்டது. நாற்பது வருஷமாக அடக்கி வைத்திருந்த சிரிப்பு. இரண்டு கிழவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டார்கள். நான் அசடு வழிய நின்றேன். ஊரே சேர்ந்து என் காதில் பூச்சுற்றியிருக்கிறது, நான் அந்தப் பூவோடு ஊர்வலம் போயிருக்கிறேன்.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. ஆட்டத்துக்கு மறுநாள், நான் காய்ச்சலென்று படுத்திருந்தபோது, போய்கோ எல்லோரையும் பெர்னிஸின் உணவுக்கடைக்குக் கூப்பிட்டிருக்கிறான். அவன் விழும்போதே வட்டு வெளியே போனதைப் பார்த்திருக்கிறான். அவன் சொன்னதைப் பெர்னிஸ் அப்படியே சொன்னாள்: "வில்மர்கிட்ட எவனாவது இதப்பத்தி வாயத் திறந்தீங்க, அவன் வீட்டு வாசல்ல நான் பனி தள்ள மாட்டேன். வசந்தம் வர வரைக்கும் உள்ளேயே கெடக்க வேண்டியதுதான்." எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய மிரட்டல் கிடையாது. எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லி வளர்த்திருக்கிறார்கள்.

மே மாதம் வந்ததும் கோப்பையைப் பனிவண்டியில் வைத்துக்கொண்டு பிரெண்ட்வெல்லுக்குப் போயிருக்கிறான். காஸ்டனின் வீட்டுக் கதவைத் தட்டி, பாதி வருஷம் உனக்கு, பாதி வருஷம் எங்களுக்கு என்றிருக்கிறான். மொத்தத்தையும் கொடு என்று காஸ்டன் கேட்டானாம். மொத்தத்தையும் கொடுத்தால் வில்மருக்குத் தெரிந்துவிடுமே என்றானாம் போய்கோ. இதைச் சொல்லிவிட்டுக் காஸ்டன் கோப்பையை என் கையில் கொடுத்தான்.

"இந்தாய்யா. பாலிஷ் போட்டாச்சு."

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அவன் எதற்காக இவ்வளவு செய்தான், நான் அவனுக்கு யார் என்று டாரியாவிடம் கேட்டேன்.

"நானும் கேட்டேன் வில்மர்," என்றாள். "அவனுக்குக் கண்ணு தப்பா தெரியல, மனசு முந்திக்கிச்சுன்னார். 'எனக்காக ஒருத்தன் இவ்வளவு ஆசப்பட்டிருக்கான், அவனப் போய்க் கேலி பண்ண விடுவேனா'ன்னார்."

அப்போது அழுகை வந்தது. பொய் சொல்வானேன், விம்மிவிட்டேன். அவனிடமிருந்து கோலைப் பறிக்க மனமில்லாமல் நான் வாயை மூடியிருந்தேன். எனக்கு மானம் போகக்கூடாதென்று அவன் வாயை மூடியிருந்தான். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அவன் தலை என் கையில் இருந்தது, ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லையே நாங்கள்!

காஸ்டன் கோட்டைக் கழற்றிவிட்டுப் போய் வலைக்கு முன்னால் நின்றான். டாரியா போய்கோவின் மட்டையை எடுத்தாள். பெர்னிஸ் எங்கிருந்தோ ஒரு வட்டைக் கொண்டுவந்து அவள் காலடியில் போட்டாள். டாரியா தள்ளினாள். சிமெண்டில் வட்டு சர்ரென்று தேய்ந்துகொண்டே போனது. காஸ்டன் பெரிதாகப் பாய்வதுபோல் பாவனை காட்டி, காலை அகட்டி, அதற்கு வழிவிட்டான். நான் பொத்தானைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"போடேன்யா," என்றான் காஸ்டன்.

இரு என்றேன். முட்டி இரண்டும் படபடவென்று நெட்டி முறிய, தரையில் மண்டியிட்டுக் கன்னத்தைச் சிமெண்டில் வைத்துப் பார்த்தேன். வட்டு சிவப்பு நாடாவைத் தாண்டி நான்கு விரல் உள்ளே கிடந்தது. அப்புறம்தான் விளக்கைப் போட்டேன்.