அத்தான் திருத்தாத கட்டுரைகள்

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் ஒரு கந்தோரில் தட்டெழுத்தாளராக இருந்தேன். பல்கலைக்கழக அனுமதிக்குச் சில புள்ளிகள் போதாமல் போனதால் அந்த வேலைக்கு வந்தவள். உள்ளே போய்ப் படிக்கக் கிடைக்காதவர்கள் வெளிவாரியாகப் பதிந்து, வீட்டிலிருந்தே படித்து, கொழும்புக்குப் போய்ப் பரீட்சை எழுதலாம் என்று அறிந்ததும் பதிந்துவிட்டேன். அப்பாவிடம் பிறகுதான் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. “படி பிள்ளை, நல்லதுதானே” என்றார். அந்தச் சொல்லை நான் பல மாதங்கள் நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

வெளிவாரி மாணவிக்கு விரிவுரை இல்லை. விரிவுரையாளர் இல்லை. பாடத்திட்டத்தில் இருந்த புத்தகங்களில் பாதி எங்கள் பட்டின நூலகத்தில் கிடையாது. ஆனால் எனக்கு அத்தான் இருந்தார். அக்காவின் கணவர், பட்டதாரி ஆசிரியர். சனிக்கிழமைகளில் என்னைப் போன்றவர்களுக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பும் எடுத்து வந்தார். நானும் அதற்குப் போகப் புறப்பட்டபோது அப்பா மறித்தார்.

“வீட்டுக்குள்ளயே ஆள் இருக்கேக்க வகுப்புக்கு ஏன் போவான்? ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவார்தானே. எழுதி வைச்சுக் குடு.”

அப்படியே செய்தேன். கந்தோர் விட்டு வந்து, தேத்தண்ணி குடித்துவிட்டு, யன்னலோரக் கதிரையில் இருந்து எழுதுவேன். ஞாயிறு மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அத்தான் வாசிப்பார். ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மையில் ஒரு சரி போடுவார். கடைசியில் ‘மிக நன்று’ என்று எழுதுவார்.

ஒரு முறை, ஒல்லாந்தர் திருகோணமலைத் துறைமுகத்தைக் கைப்பற்ற விரும்பியதற்கான காரணங்களை ஆராயச் சொல்லும் பழைய வினாவை எழுதினேன். அந்தத் துறைமுகத்தைப் பார்த்தே வளர்ந்தவள் நான். தண்ணீர் எவ்வளவு ஆழம், குன்றுகள் எப்படிச் சுற்றி நிற்கின்றன, வாடைக் காலத்திலும் உட்கடல் எப்படி அசையாமல் கிடக்கும் என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினேன். அத்தான் வாசித்துவிட்டு, “பிள்ளைக்கு நல்ல நடை இருக்கு” என்றார். அக்கா குசினியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அன்று எனக்கு நிலத்தில் கால் படவில்லை.

பரீட்சை எழுதினேன். பெறுபேறு வந்தபோது எந்தப் பாடத்திலும் நான் சித்தியடையவில்லை.

“வெளிவாரிக்காரர் எண்டா திருத்திறவைக்குக் கண்ணிலயும் காட்டேலாது,” என்றார் அத்தான். அப்பா என் தலையைத் தடவி, “பரவாயில்லை, வேலை இருக்குத்தானே” என்றார். அவர் முகம் அன்று மிகவும் கனிந்திருந்தது. அதை அன்பு என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

சில கிழமைகள் கழித்து, மூதூரிலிருந்து ஓர் ஆசிரியை எங்கள் கந்தோருக்கு ஏதோ அலுவலாக வந்தார். முக்காட்டைச் சரிசெய்தபடி என்னையே உற்றுப் பார்த்தார். பரீட்சை மண்டபத்தில் எனக்குப் பின்வரிசையில் இருந்தவர்; அத்தானின் சனிக்கிழமை வகுப்புக்கு வருபவர்.

“நீங்க சேர்ட மச்சினிச்சிதானே? எத்தின பாடம் பாஸ்?”

ஒன்றும் இல்லை என்றேன். அவர் திகைத்துப் போனார்.

“அதெப்படி? எங்களயெல்லாம் சேர் அழ வெச்சுத்தான் பாஸாக்கினவரு. ஒரே கட்டுரைய எனக்கிட்ட மூணு தரம் திருப்பித் தந்தாரு. வீட்டுக்குள்ள இருந்த உங்களுக்கு இன்னும் எவ்வளவு செஞ்சிருப்பாரு!”

அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும், மூதூருக்கு ஆளேற்றும் லோஞ்ச் படகு புறப்படுமுன் இறங்குதுறையில் சந்தித்தோம். அவர் தன் கட்டுரைகளைக் கொண்டுவந்திருந்தார். ஓரங்கள் முழுக்க அத்தானின் கையெழுத்து. ‘இது யார் சொன்னது?’ ‘ஆதாரம் எங்கே?’ ‘விவரிக்கக் கேட்கவில்லை, ஆராயக் கேட்டது.’ ‘மறுத்துச் சொல்பவருக்கு உம்முடைய பதில் என்ன?’ ஒரு பக்கம் முழுவதும் குறுக்காக வெட்டப்பட்டிருந்தது.

பிறகு அவர் என் துறைமுகக் கட்டுரையை வாங்கி, அங்கிருந்த பலகை வாங்கில் உட்கார்ந்து நிதானமாக வாசித்தார்.

“நல்லா வர்ணிச்சிருக்கீங்க. ஆனா ஒல்லாந்தர் எங்க? அவங்களுக்கு இது ஏன் வேணும் எண்டு ஒரு இடத்திலயும் செல்லல்லியே.”

அவர் சொன்னது உடனே விளங்கிவிட்டது. ஒரு வசனத்தில் விளங்கக்கூடிய விஷயம் அது. அதைத்தான் ஒரு வருடமாக எனக்கு யாரும் சொல்லவில்லை. லோஞ்சுக்காரர் கூப்பிட்டார், அவர் போய்விட்டார். நான் அங்கிருந்து நேரே அக்கா வீட்டுக்கு நடந்தேன்.

அத்தான் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார்.

“அத்தான், என்ர கட்டுரையள் உண்மையில எப்பிடி இருந்தது?”

“நல்லாத்தானே இருந்தது.”

“அப்ப மற்றவையின்ரய ஏன் அப்பிடி வெட்டிக் கொத்தினீங்கள்? எனக்கு மட்டும் ஏன் சரி போட்டீங்கள்?”

அவர் பத்திரிகையை மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார். பதில் அக்காவிடமிருந்து வந்தது.

“அவரோட ஏன் கொளுவுறாய்? அப்பா சொல்லித்தான் அவர் செய்தவர்.”

பிறகு அத்தானே சொன்னார். எனக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்களாம். மாப்பிள்ளை துறைமுகக் களஞ்சியத்தில் வேலை, பள்ளிப் படிப்போடு நின்றவர். பெண் பட்டதாரியானால் அவர்கள் பின்வாங்கிவிடுவார்கள், பட்டதாரி மாப்பிள்ளைக்கு நாங்கள் எங்கே போவது என்று அப்பா பயந்திருக்கிறார்.

“படிக்காதே எண்டு சொன்னா நீ அழுவாய். மனம் நோகாமல் பாத்துக்கொள்ளுங்கோ எண்டு மாமா கேட்டவர். நான் என்ன செய்யிறது?”

“அக்கா, உனக்கும் தெரியுமோ?”

“ஓம்” என்றாள். நிலத்தைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

படிக்க வேண்டாம் என்று தடுத்திருந்தால் சண்டை பிடித்திருப்பேன், பட்டினி கிடந்திருப்பேன். ஆனால் இவர்கள் என்னைச் சிரித்துச் சிரித்துத் தோற்கடித்திருந்தார்கள். ஒவ்வொரு ஞாயிறும் ஒரே மேசையில் சாப்பிட்டுவிட்டு, மூன்று பேரும் தெரிந்துகொண்டே என் சந்தோசத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ‘நல்ல நடை’ என்றதும் நான் பூரித்துப்போனதை நினைக்க உடம்பு கூசியது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். அவர் மழுப்பவில்லை.

“நீ பெயிலானது எனக்குச் சந்தோசமில்லை பிள்ளை. ஆனா நிம்மதியா இருந்தது.”

அந்தக் கலியாணத்துக்கு நான் சம்மதிக்கவில்லை. அப்பா என்னோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டார். நான் மீண்டும் பரீட்சைக்குப் பதிந்தேன். மூதூர் ஆசிரியை இரண்டாம் வருடப் படிப்பைத் தொடங்கியிருந்தாலும், சனிக்கிழமைகளில் வகுப்பு முடிந்து லோஞ்ச் வரும்வரை எனக்கென்று நேரம் ஒதுக்கினார். ஒரு நிபந்தனை போட்டேன்: பிழையை மட்டும்தான் சொல்ல வேண்டும். அவர் தாராளமாகவே சொன்னார். வினாவில் என்ன செய்யச் சொல்லியிருக்கிறது என்று முதலில் பார்க்கவும், வாசித்ததையும் என் எண்ணத்தையும் பிரித்து எழுதவும், முதற் பந்தியிலேயே என் பக்கத்தைச் சொல்லவும் அந்த வாங்கில் இருந்துதான் பழகினேன். துறைமுகக் கட்டுரையைத் திரும்பத் திரும்ப எழுதினேன். குன்றுகள் போய்விட்டன. கப்பல்களும் கறுவாவும் போட்டிக்காரரும் உள்ளே வந்தார்கள்.

அடுத்த முறை சித்தியடைந்தேன்.

அந்த ஞாயிறு வீட்டுக்கு உறவினர் சிலர் வந்திருந்தார்கள். அத்தான் எனக்கு முன்னாலேயே அவர்களிடம் சொன்னார்:

“என்னட்டத்தான் படிச்சவ.”

“இல்லை அத்தான்,” என்றேன். “என்ர கட்டுரை ஒண்டையும் நீங்கள் திருத்தேல்ல.”

அக்கா வெறும் தட்டுகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். அப்பா, “வெயில் கூடிப்போச்சு” என்று சம்பந்தமில்லாமல் ஏதோ சொன்னார்.

இரண்டாம் வருடப் பாடங்கள் தொடங்கியபின் ஒருநாள் அத்தான் தனியாக வந்தார். வாசலிலேயே நின்றார்.

“இந்த முறை நான் பாக்கட்டோ? வடிவாத் திருத்தித் தாறன்.”

அவர் மனம் வருந்தித்தான் கேட்டிருக்க வேண்டும். குரல் அப்படித்தான் இருந்தது. ஆனால் ‘மிக நன்று’ என்று எழுதிய நாட்களிலும் அவர் முகம் உண்மையாகத்தான் தெரிந்தது. எது மெய், எது நடிப்பு என்று பிரித்துப் பார்க்க எனக்கு இனி ஏலாது.

“வேண்டாம் அத்தான்,” என்றேன். இருங்கோ என்றும் தேத்தண்ணி குடிக்கிறீங்களோ என்றும் கேட்டேன். குடித்துவிட்டுப் போனார்.