கோத்தகிரிக்குப் போய் வந்தவள்

என் ஓரகத்தி, அதாவது கொழுந்தன் மனைவி, தமிழ்நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திறங்கிய அன்று எனக்கு எரிந்த வயிற்றெரிச்சலில் ஒரு பானைச் சோறு பொங்கியிருக்கலாம்.

முதலில் ஆசைப்பட்டவள் நான். முதலில் பாஸ்போர்ட் எடுத்தவளும் நான். ஆனால் பசு நிறைமாதமாக நின்றது. எங்களில் ஒருத்தி கடலுக்கு இந்தப் பக்கம், பூண்டுலோயாத் தேயிலைத் தோட்டத்தில் தங்கியே ஆகவேண்டும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கோயிலில் திருவுளச்சீட்டு போட்டுப் பார்த்தோம். மாரியம்மா அவள் பெயரை எடுத்துக் கொடுத்தாள். அந்த வாரம் நான் கோயில் பக்கமே போகவில்லை.

வந்தவள் பெட்டியைத் திறக்குமுன் போனைத் திறந்தாள்.

"பாருங்கக்கா, கன்னியாகுமரி. மூணு கடலும் ஒண்ணா சேருது."

"எல்லாம் தண்ணிதானே" என்றேன்.

"ஒகேனக்கல் அருவியில பரிசல்ல போனோம். மேலெல்லாம் சாரல்!"

"இங்க என்ன மழைக்கா பஞ்சம்?"

மாமல்லபுரத்திலும் இளித்துக்கொண்டு நின்றாள். பிச்சாவரத்துப் படகிலும் இளித்தாள். பிறகு ஊட்டி வந்தது.

ஊட்டிக்குப் பக்கத்தில், கோத்தகிரியில், என் கூடப்பிறந்த அக்கா இருக்கிறாள். குடியுரிமை இல்லையென்று நம் தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றிய காலத்தில் புருஷனோடு போனவள். அப்போது நான் சின்னப் பிள்ளை. எப்போதாவது போனில் பேசுவோம். இப்போது அவளுக்குக் கண் சரியாகத் தெரியாது. ஊர் பார்க்க நான் துடித்ததே அவளைப் பார்க்கத்தான். ஓரகத்தியிடம் விலாசம் கொடுத்தேனே தவிர, அக்காவிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் கோழி அடித்திருப்பாள். எனக்கு வைக்கவேண்டிய குழம்பை இவள் தின்பதா?

"அக்காவப் பாத்தியா?"

அவள் போனைக் கீழே வைத்தாள். "பூண்டுலோயாவுல இருந்து வாறேன்னு வாசல்ல நின்னு சொன்னேன், அவ்வளவுதான். தங்கச்சின்னு கட்டிப் புடிச்சிட்டாங்க. மூஞ்சியத் தடவித் தடவி ஒரே அழுகை. நான் அவங்க தங்கச்சி இல்லைன்னு எப்படிக்கா சொல்றது?"

அவள் கன்னத்தையே பார்த்தேன். மூன்று கடலையும் அவளே வைத்துக்கொள்ளட்டும். அக்காவின் கை பட்ட அந்தக் கன்னம் என்னுடையது. பிய்த்து எடுத்துவிடலாம் போல இருந்தது.

அன்று சாயங்காலம் கோத்தகிரி அக்காவிடமிருந்து எனக்குப் போன் வந்தது.

"நல்லபடியா போய்ச் சேந்தியா தங்கச்சி? ஒன்னயப் பாத்துட்டேன், இனி எனக்கு ஒண்ணும் வேணாம்."

ஓரகத்தி அடுப்படியில் அசையாமல் நின்றாள்.

"சேந்துட்டேன்க்கா" என்றேன்.