வாயை ஊதச் சொன்ன குரல்

அடுத்தவன் தலையில் காந்தத்தை வைத்துத் தட்டுவது என் தொழில். அரசாங்க மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து ஓய்வு பெற்றவன். வீட்டில் சும்மா உட்காரத் தெரியவில்லை. இப்போது கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் ஒரு தனியார் கிளினிக். குடியை, சூதாட்டத்தை விட முடியாதவர்கள் வருவார்கள். நாற்காலியில் சாய்த்து, நெற்றிக்கு மேல் காந்தச் சுருளை வைத்துப் பொத்தானை அழுத்துவேன். மரங்கொத்தி மாதிரி டக்டக்கென்று அடிக்கும். ஆசை அடங்கும் என்கிறார்கள். சிலருக்கு அடங்குகிறது. என்னைப் போலவே நோயாளியோடும் அவன் வீட்டாரோடும் மல்லுக்கட்டிப் பிழைக்கும் ஆஸ்பத்திரிக்காரர்களான உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். குணா விஷயத்துக்கு வருகிறேன்.

கட்டைவிரல்

குணா செபராங் ஜெயாவில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன். சம்சு என்கிற மலிவுச் சாராயத்துக்கு அடிமை. மனைவி பத்மாதான் இழுத்து வந்தாள். இதுவும் சரிப்படவில்லை என்றால் ஈப்போவில் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று அவன் எதிரிலேயே சொன்னாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதல் நாள், காந்தத்தை எவ்வளவு பலமாக வைப்பது என்று அளவு பார்க்க வேண்டும். மண்டையில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் தட்டினால் எதிர்ப்பக்கத்துக் கட்டைவிரல் தானாகத் துள்ளும். தட்டினேன். துள்ளியது. குணா அந்த விரலை மற்றக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். மறுபடி தட்டினேன். பிடிக்குள்ளேயே துள்ளியது.

"அண்ணே, நான் ஆட்டல லா. அப்ப யாரு ஆட்டுறது?"

தாகம்

காந்தம் வைப்பதற்கு முன் ஆசையைக் கிளப்பிவிட வேண்டும். கிளம்பின ஆசையைத்தான் அடிக்க முடியும் என்பது எங்கள் டாக்டரம்மாவின் முறை. சிகரெட்காரனுக்கு சிகரெட்டைக் காட்டுவோம். குணாவுக்கு ஒரு கிளாஸில் சம்சு ஊற்றி மூக்கருகே நீட்டினேன். இந்த வயதில் இப்படி ஓர் உத்தியோகம். பத்துக்கு எவ்வளவு ஆசை என்று கேட்டால் மூன்று என்றான்.

டாக்டரம்மாவுக்குப் போதவில்லை. வீட்டில் எப்போது ரொம்பத் தோன்றும் என்று கேட்டார். குணா கதவைப் பார்த்தான். வெளியே பத்மா உட்கார்ந்திருந்தாள்.

"இவ வாசல் கேட்டுல நின்னு, 'வந்துட்டீங்களா, வாயை ஊதுங்க பாப்போம்'னு கேப்பா பாருங்க. அப்பத்தான் அண்ணே தொண்டை காயும்."

பதிவு

நான் சிரித்தேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. பத்மாவை உள்ளே கூப்பிட்டு, அதே வார்த்தைகளைக் கைப்பேசியில் பேச வைத்தார். முதலில் கூச்சப்பட்டாள். பிறகு நன்றாகவே ஏசினாள். அன்றிலிருந்து முதலில் குரல், அப்புறம் காந்தம். குரல் கேட்டதும் குணா எச்சில் விழுங்குவான், கால் பரபரக்கும். நான் பொத்தானை அழுத்துவேன்.

ஒரு நாள் கதவைச் சரியாகச் சாத்தவில்லை. பத்மா வெளிறிப்போய் உள்ளே வந்தாள். பதிவு ஓடிக்கொண்டிருந்தது. தான் பேசிக் கொடுத்ததே அவளுக்கு மறந்துவிட்டது போல.

"நான் வெளியதானே அண்ணே இருக்கேன். உள்ள யாரு என்னை மாதிரியே அவர்கிட்ட பேசுறது?"

யாரு

குடி நின்றது. நிஜமாகவே நின்றது. கிளாஸை நீட்டினால் மருந்துக் கடை வாடை என்று தள்ளிவிட்டான். ஒழுங்காக வேலைக்குப் போனான். டாக்டரம்மாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கடைசி நாள் சரிபார்க்க அந்தக் குரலைப் போட்டேன். ஃபெரியில் வரும் அறிவிப்பைக் கேட்பது போல மரியாதையாகக் கேட்டான். கால் ஆடவில்லை. திரும்பவும் போட்டேன். விளையாடாதே என்று அதட்டக்கூட வாயெடுத்தேன். அவன் முகத்தில் விளையாட்டு இல்லை.

"நல்லாத்தான் பேசுறாங்க. யாரு அண்ணே இந்தம்மா?"

கூப்பிட்டுப் பார்த்தது

அடுத்த மாதம் பரிசோதனைக்கு வந்தார்கள். பத்மா கையில் துணிமணி அடைத்த ஒரு பை. குணா ஜன்னல் வழியாக எதிரே நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை வரிசையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். "ஏங்க" என்றாள். திரும்பவில்லை. சத்தமாகக் கூப்பிட்டாள். வரவேற்பில் இருந்த பெண் திடுக்கிட்டாள். அவன் அசையவில்லை. நான் மெதுவாக "குணா" என்றேன். "என்ன அண்ணே?" என்று உடனே திரும்பிச் சிரித்தான். நடுவில் நின்ற பத்மாவைத் தாண்டி என்னைப் பார்த்தான், ஜன்னல் கண்ணாடியைத் தாண்டித் தெருவைப் பார்த்த மாதிரியே.

டாக்டரம்மா காதைச் சோதித்தார். காது நன்றாக இருக்கிறது. போகப் போகச் சரியாகும் என்றார். எனக்கு எரிச்சல். ஆறுதல் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. குடியாவது நின்றதே அம்மா என்று பத்மாவிடம் சொன்னேன். பத்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"குடிச்ச காலத்துல போறேன்னு சொன்னா வாசல் கேட்டை மறிச்சுக்கிட்டு ஏசுவாரு அண்ணே. இன்னைக்குக் காலையில பையத் தூக்கிட்டு நின்னு, ஈப்போ போறேன், ஈப்போ போறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். டிவி சத்தத்தக்கூட அவரு குறைக்கல."

ஆசையை எங்கே இருந்தாலும் தேடிப் பிடித்து அடிக்கிற நல்ல மெஷின்தான், அந்த ஆசைக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிற வேலையை மட்டும் அதற்கும் யாரும் கொடுக்கவில்லை, எனக்கும் கொடுக்கவில்லை.