கீழே கிடந்து ஊதிய விசில்

வாரநாட்களில் அவர் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கால்பந்து நடுவர். இரண்டும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்தது ஆட்டக்காரர்களுக்குக் கொண்டாட்டமாகப் போயிற்று. தீர்ப்பு பிடிக்காதபோதெல்லாம், கடையில் சும்மாதானே கிடக்கிறது, ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு வரக்கூடாதா என்பார்கள். பத்தொன்பது வருடமாக அதே கேலி. அவர் முகத்தில் ஓர் அசைவும் இருக்காது. பாதிப் பேருக்கு அவருடைய பெயரே தெரியாது. விசில் என்றால்தான் தெரியும்.

வயது நாற்பத்து நான்கு. கல்யாணப் பேச்சு தட்டிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் பேசுவதற்கே ஆள் இல்லாமல் நின்றுவிட்டது. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி, ஒற்றை அறை. வேறு ஊரில் ஒரே அக்கா. நடுவர் வேலையில் அவர் ஒரு கண்டிப்பு வைத்திருந்தார். எந்த டீம் ஆளோடும் ஒரு டீ கூடக் குடிக்க மாட்டார். நாளைக்கு அவனுக்கு எதிராக ஊத வேண்டி வந்தால் கை கூசும் என்பார். ஆட்டம் முடிந்து இரண்டு தரப்பும் கும்பலாக வெளியேறும்போது, இவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எதிர்ப்பக்கமாக நடப்பார்.

அது லீக்கின் இறுதி ஆட்டம். எழுபத்தெட்டாவது நிமிடம் வரை கோல் விழவில்லை. பந்து சட்டென்று மறுபக்கம் பாய, அவரும் ஓடிய வேகத்திலேயே திரும்பினார். பூட்ஸ் ஈரப்புல்லில் மாட்டிக்கொண்டது. உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. முழங்காலுக்குள் டப்பென்று ஒரு சத்தம். அது தன் காதுக்கு மட்டும் கேட்டதா, எல்லாருக்கும் கேட்டதா என்று அவருக்குப் புரியவில்லை. விழுந்துவிட்டார்.

ஆனால் பார்வை பந்தை விடவில்லை. கோலுக்கு முன்னால் கால்கள் மொய்த்துக் கிடந்தன. அவற்றின் நடுவே தடுப்பு அணியின் கேப்டன், லாரி ஓட்டுகிறவர், கையை நீட்டிப் பந்தைத் தட்டிவிட்டது தரையிலிருந்து பார்த்தவருக்குத் துல்லியமாகத் தெரிந்தது. படுத்தபடியே ஊதினார். படுத்தபடியே பெனால்டி என்று கையைக் காட்டினார்.

மைதானமே ரெண்டுபட்டது. கீழே உருண்டுகிடந்த ஆளுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று கத்தினார்கள். கையில் படவே இல்லை என்று கேப்டன் சத்தியம் செய்தார். தீர்ப்பை மாற்றாமல், விசிலை மாற்று நடுவரிடம் கொடுத்துவிட்டு ஸ்ட்ரெச்சரில் ஏறினார் இவர். பெனால்டி கோலானது. அந்த ஒரு கோலிலேயே கோப்பை கைமாறியது.

ஸ்கேன் பார்த்த டாக்டர், முழங்காலின் நடு ஜவ்வு முழுசாக அறுந்துவிட்டது, தொடையின் பின்பக்கத்திலிருந்து ஒரு நாரை எடுத்து அந்த இடத்தில் வைத்துக் கட்ட வேண்டும் என்றார். கையெழுத்துப் போட ஒரு உறவினர் வேண்டுமாம். அக்காவின் மாமியார் படுத்த படுக்கை, அவளால் நகர முடியாது. கடைசியில் கண்ணாடிக் கடைக்காரர் வந்தார். என்ன உறவு என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்துவிட்டு, ‘முதலாளி’ என்று எழுதினார். ஜெயித்தவர்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. தோற்றவர்கள் கால்பந்து சங்கத்தில் புகார் கொடுத்திருந்தார்கள்.

செவ்வாயும் வெள்ளியும் பிசியோதெரபி. அங்கே ஒரு அம்மா, சிரித்துப் பேசுகிற வழக்கம் இல்லாதவர். தொடையில் டேப் வைத்து அளந்து, மற்ற காலைவிட மூன்று சென்டிமீட்டர் வற்றிவிட்டது என்றார். குதிகாலைப் பலகையில் இழுத்து இழுத்து முழங்காலை மடக்க வைத்தார். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

“வலிக்குதா?”

“இல்ல.”

“வலிக்குதுன்னு சொன்னாத்தான சார் நான் நிறுத்த முடியும்? இங்க யாரும் உங்களுக்கு கார்டு காட்ட மாட்டாங்க.”

மூன்றாவது வாரம், ஒரு சாயங்காலம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. ஊன்றுகோலை ஊன்றிப் போய்த் திறக்கவே இரண்டு நிமிடம் ஆயிற்று. வாசலில் லாரிக்காரர், அந்தக் கேப்டன். மூன்று மாடி ஏறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை. கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். பரவாயில்லை என்றார் இவர். கேப்டன் வாசலிலேயே நின்றார்.

“சார், அன்னைக்கு நீங்க நிஜமாவே பாத்தீங்களா?”

“பாத்தேன். கையில பட்டுச்சு.”

கேப்டன் தரையைப் பார்த்தார். “பட்டுச்சு சார். நான்தான் தட்டினேன். ஆனா வெளிய சொல்ல முடியல. பசங்க என் முகத்தப் பாத்துத்தான் ஆடுறாங்க. உங்ககிட்ட மட்டும் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

“சரி,” என்றார் இவர்.

கேப்டன் இறங்கிப் போன பிறகுதான் அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை என்பது உறைத்தது. வீட்டுக்கு ஆள் வந்தால் என்ன சொல்வது என்பதே மறந்துபோயிருந்தது. ஜன்னலுக்கு வருவதற்குள் லாரிக்காரர் தெருமுனையைத் தாண்டிவிட்டார்.

விசாரணைக்கு ஊன்றுகோலோடு போனார். சங்கத்தார் மூன்று பேர் மேசைக்கு அந்தப்பக்கம். விழுந்த நிலையில் பார்த்ததற்கு வேறு சாட்சி உண்டா என்று கேட்டார்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனி வரை வந்தது. வீடு தேடி வந்து ஒருவன் சொன்னதை இங்கே மேசைமேல் எடுத்து வைக்க அவருக்கு மனம் வரவில்லை. சாட்சி இல்லை, நான் பார்த்தேன், அவ்வளவுதான் என்றார். முடிவு மாறவில்லை. ஆனால் இனி அவருக்குச் சின்ன ஆட்டங்கள் மட்டுமே தரப்படும் என்று கடிதம் வந்தது.

எட்டாவது மாதத்தில் ஓடத் தொடங்கினார். நேராக ஓடுவதில் குறையில்லை. பிளாஸ்டிக் கூம்புகளைச் சுற்றித் திரும்ப வேண்டிய இடம் வந்தால் மட்டும் கால் தானாகவே வேகத்தைக் குறைத்தது.

“ஜவ்வு ரெடி சார். நீங்கதான் இன்னும் ரெடியாகல,” என்றார் பிசியோ அம்மா.

அதற்கு மேலும் ஏழு வாரம் பிடித்தது. ஒரு வெள்ளிக்கிழமை எதையும் யோசிக்காமல் திரும்பிவிட்டார். இன்னொரு முறை, இன்னொரு முறை. அந்த அம்மா ஃபைலை மூடி, இனி நீங்கள் வரவேண்டியதில்லை என்றார். நல்ல செய்திதான். ஆனால் படியிறங்கும்போது, அடுத்த செவ்வாய்க்கிழமை எங்கே போவது என்று இருந்தது. இந்தப் பத்து மாதத்தில், முறை வந்ததும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட இடம் அது ஒன்றுதான்.

முதல் ஆட்டம் ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில், இரண்டு தொழிற்சாலை டீம்களுக்கு நடுவில். பார்க்க வந்தவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். தொண்ணூறு நிமிடமும் ஓடினார். கால் தாங்கியது. முடிந்ததும் கோல்கீப்பர் ஒருவர் மட்டும் கை கொடுத்துவிட்டுப் போனார்.

அக்காவிடமிருந்து போன் வந்தபோது மாடி ஏறிக்கொண்டிருந்தார். கால் எப்படி இருக்கிறது, துணைக்கு யாராவது கூட வந்தார்களா என்று கேட்டாள்.

“நல்லா இருக்குக்கா. கூட நிறைய பேரு இருந்தாங்க.”

அறைக்குள் போய் பூட்ஸைக் கழற்றினார். முழங்கால் லேசாக வீங்கியிருந்தது. ஐஸ் கட்டிகளைத் துண்டில் சுற்றி அதன்மேல் வைத்து, பிசியோ அம்மா சொல்லியிருந்தபடி கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தார்.